ஸ்னோஃப்ளேக் தரவுத்தளத்தில் இடைநிறுத்தப்பட்ட பணிகளைக் கண்காணித்தல்

ஸ்னோஃப்ளேக் என்பது மேகக் கணிமையில் இயங்கும் ஒரு தரவுத்தளச் சேவை ஆகும். இதில் குறித்த நேரத்தில் தானாக இயங்குமாறு அமைக்கப்படும் வேலை 'டாஸ்க்', அதாவது பணி எனப்படுகிறது. அன்றைய விற்பனையை இரவில் தொகுப்பது, புதிய பதிவுகளை மணிக்கொருமுறை வேறு அட்டவணைக்கு மாற்றுவது போன்றவற்றிற்கு இது பயன்படுகிறது.

நிறுத்தத்திற்கான காரணங்கள்

புதிதாக உருவாக்கப்படும் பணி இடைநிறுத்த நிலையிலேயே இருக்கும். 'ஆல்டர் டாஸ்க்' கட்டளையில் 'ரெஸ்யூம்' என்று கொடுத்த பின்னரே அது இயங்கத் தொடங்கும். 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' மூலம் திருத்தப்படும் பணியும் மீண்டும் இடைநிறுத்த நிலைக்குச் செல்கிறது. தனிப் பணியோ தலைமைப் பணியோ தொடர்ந்து 10 முறை தோல்வியுற்றால், இயல்பு அமைப்பின்படி தானாகவே நிறுத்தப்படுகிறது.

தோல்விக்கும் நிறுத்தத்திற்கும் உள்ள வேறுபாடு

தோல்வியுற்ற பணி, பிழைச்செய்தியுடன் வரலாற்றில் பதிவாகும். நிறுத்தப்பட்ட பணி இயங்குவதே இல்லை என்பதால் அதன் பெயரில் புதிய பதிவு எதுவும் சேராது. ஆகவே தோல்விகளை மட்டும் எண்ணும் கண்காணிப்பில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். அறிக்கைகள் வழக்கம்போல் திறக்கும். எண்கள் மட்டும் பழையவையாக இருக்கும். பல பணிகள் கொண்ட சங்கிலியில் ஒரு கிளைப் பணி நிறுத்தப்பட்டால், அது வெற்றி பெற்றதாகக் கருதி மற்றவை தொடர்ந்து இயங்கும்.

கண்காணிக்கும் முறைகள்

'ஷோ டாஸ்க்ஸ்' கட்டளை ஒவ்வொரு பணியின் நிலையையும், கடைசியாக நிறுத்தப்பட்ட நேரத்தையும், அதன் காரணத்தையும் காட்டுகிறது. பயனருக்கு அனுமதி உள்ள பணிகள் மட்டுமே இதில் தெரியும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

'டாஸ்க் ஹிஸ்டரி' செயற்கூறு கடந்த 7 நாட்களின் இயக்கங்களைத் தருகிறது. கணக்குப் பயன்பாட்டுப் பகுதியில் உள்ள அதே பெயருடைய காட்சியில் ஓராண்டுப் பதிவுகள் கிடைக்கும். ஆனால் அவை 45 நிமிடம் வரை தாமதமாக வரலாம். ஒவ்வொரு பணியும் கடைசியாக வெற்றி பெற்ற நேரத்தை அதன் கால அட்டவணையுடன் ஒப்பிட்டால், நடக்க வேண்டிய வேலை நடக்காமற்போனது தெரியவரும்.

வேண்டுமென்றே நிறுத்தப்பட்ட பணிகளைக் குறிப்புடன் தனியே பட்டியலிடுவது நல்லது. இல்லையெனில் தேவையற்ற எச்சரிக்கைகள் பெருகி, உண்மையான எச்சரிக்கை கவனிக்கப்படாமல் போகும். கண்காணிப்பையே இன்னொரு பணியாக அமைத்தால் அதுவும் நின்றுபோகலாம் என்பதால், அதைத் தரவுத்தளத்திற்கு வெளியிலிருந்து இயக்குவது பாதுகாப்பானது.

தாமதத்தின் விளைவு

அட்டவணையின் மாற்றங்களைத் தொடரும் 'ஸ்ட்ரீம்' ஒன்றை அப்பணி படித்து வந்தால் ஆபத்து கூடுதலாகும். படிக்கப்படாத மாற்றங்களுக்காக, அட்டவணையின் தரவுக் காப்புக் காலம் இயல்பு அமைப்பில் 14 நாட்கள் வரை நீட்டிக்கப்படுகிறது. அதையும் தாண்டினால் ஸ்ட்ரீம் காலாவதியாகிவிடும். அதைப் புதிதாக உருவாக்க வேண்டும். இடைப்பட்ட மாற்றங்களை அதன் வழியே பெற முடியாது. எனவே நிறுத்தத்தை இந்தக் கெடுவுக்குள் கண்டறிவது அவசியமாகும்.