விற்ற நிலத்தில் விடாத பாத்தியம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே, ஏப்ரல் மாதத்தில் ஏரிகளின் மேல் உறைந்திருக்கும் பனி உருகி விலகும். விலகியதும் வால்ஐ என்ற நன்னீர் மீன் முட்டையிடக் கரையோரத்துக்கு வரும். அங்குள்ள ஒஜிப்வே பழங்குடியினர் அதை ஒகா என்பார்கள். இருட்டில் அதன் கண்ணில் வெளிச்சம் பட்டால் தணல் துண்டுபோல் மினுங்கும். படகில் நின்றபடி அந்த மினுக்கத்தைப் பார்த்து ஈட்டியால் குத்துவது அவர்களின் பரம்பரை வழக்கம். முன்பு தீப்பந்தம் பிடித்தார்கள். இப்போது தலையில் மின்விளக்கு கட்டிக்கொள்கிறார்கள். ஏரியில் பந்தங்கள் நகர்வதைக் கண்ட பிரெஞ்சு வணிகர்கள் அந்த இடத்துக்கு லாக் டு ஃபிளாம்போ, அதாவது பந்த ஏரி, என்று பெயர் வைத்தார்கள். வரைபடத்தில் இன்றும் அந்தப் பெயர்தான்.

1980களின் பிற்பகுதியில் இதே ஏரிகளின் படகுத்துறைகளில் ஆண்டுதோறும் கூட்டம் கூடியது. மீன் வாங்க வந்த கூட்டம் அல்ல. படகில் ஏறும் ஒஜிப்வே குடும்பங்கள்மீது கல்லெறிந்தார்கள், கவண் கொண்டு அடித்தார்கள், காது கொடுத்துக் கேட்க முடியாத இன வசைகளைக் கத்தினார்கள். கலவரத் தடுப்புக் கவசத்துடன் போலீஸ் நிற்க வேண்டியிருந்தது. “அவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?” என்பதுதான் கூட்டத்தின் கேள்வி. உள்ளூர்ப் பள்ளிகளில் குடிமையியல் படித்து வளர்ந்த ஊர்க்காரர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பாடம் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்த வித்தியாசம் நமக்கு எளிதில் விளங்கும். நம் ஊர்களில் ஒருவர் தோட்டத்தை விற்கும்போது கிரயப் பத்திரத்தில் சிலவற்றைத் தனக்கென வைத்துக்கொள்வார். கிணற்றில் இத்தனை பங்கு, மாமூல் வண்டித் தடப் பாத்தியம் என்று எழுதியிருக்கும். நிலம் கைமாறும், பாத்தியம் மாறாது. இருபது ஆண்டு கழித்து அந்தத் தடத்தில் அவருடைய பேரன் வண்டி ஓட்டிப் போனால், நிலத்தை வாங்கியவர் அவனுக்குச் சலுகை தந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். பத்திரத்தைப் பார்க்காதவர்தான் சண்டைக்கு வருவார்.

ஒஜிப்வே மக்களின் பத்திரம் 1837 ஜூலையில் எழுதப்பட்டது. இன்றைய மினசோட்டாவில் உள்ள ஸ்நெல்லிங் கோட்டையில், விஸ்கான்சின் பிரதேச ஆளுநர் ஹென்றி டாட்ஜ் அரசின் சார்பில் உட்கார்ந்தார். அரசுக்கு வேண்டியது பைன் மரம். பேச்சுவார்த்தைக் குறிப்பில் ஒரு காட்சி பதிவாகியிருக்கிறது. ஒரு தலைவர் எழுந்து, வரைபடத்தின் அருகே ஓக் மரக் கிளையொன்றை வைத்து, நாங்கள் பிழைக்கும் மரமும் நீர் குடிக்கும் ஓடைகளும் எங்களிடமே இருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். நிலத்தை விட்டுக்கொடுத்த அந்த உடன்படிக்கையில், அதே நிலத்திலும் நீரிலும் வேட்டையாட, மீன்பிடிக்க, காட்டு நெல் சேகரிக்க உள்ள உரிமையை அவர்கள் எழுதி வாங்கினார்கள். 1842இல் தாமிரச் சுரங்கங்களுக்காக இன்னொரு உடன்படிக்கை. 1854இல் மூன்றாவது, அதில்தான் அவர்கள் நிரந்தரமாகக் குடியிருக்க நிலங்கள் ஒதுக்கப்பட்டன.

உடன்படிக்கைகள் நாட்டின் உச்ச சட்டம் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு. ஆனால் விஸ்கான்சின் மாநிலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த எழுத்தை மதிக்கவில்லை. ஒதுக்கீட்டு நிலத்தின் எல்லையைத் தாண்டி மீன் பிடித்தவர்களை மாநிலக் காவலர்கள் கைது செய்தார்கள். 1974இல் லாக் கோர்ட் ஓரெய் ஒதுக்கீட்டைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் எல்லைக்கு வெளியே உறைபனியில் துளையிட்டு மீன் குத்தினார்கள். கைதானார்கள். வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தோற்றது. 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அதற்கு வாய்ட் தீர்ப்பு என்று பெயர். கல்லெறிதல் தொடங்கியது அதன் பிறகுதான்.

இந்த மோதல் நடந்துகொண்டிருந்தபோதே மாநிலச் சட்டமன்றம் ஒரு முடிவெடுத்தது. 1989இன் பட்ஜெட் சட்டத்துக்குள் சில வரிகள் சேர்க்கப்பட்டன. சட்டத்தின் எண் 31 என்பதால் அந்த ஏற்பாடே ‘ஆக்ட் 31’ என்று அழைக்கப்படுகிறது. மாநிலத்தில் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற பழங்குடிகள் 11. அவர்களின் வரலாறு, பண்பாடு, இறையாண்மை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு அரசுப் பள்ளியும் தொடக்க வகுப்புகளில் குறைந்தது இரண்டு முறை, உயர்நிலையில் குறைந்தது ஒரு முறை கற்பிக்க வேண்டும். ஆசிரியர் உரிமம் கேட்பவரும் இதைப் படித்திருக்க வேண்டும்.

மூன்று சொற்களில் மிக முக்கியமானது இறையாண்மை. வரலாறும் பண்பாடும் கற்பிப்பது எளிது. மணிமாலை, நடனம், பழைய கதைகள் என்று ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். பழங்குடிப் பேரவை ஓர் அரசு, அதற்குத் தேர்தல் உண்டு, சட்டம் உண்டு, நீதிமன்றம் உண்டு, மாநிலத்துக்கு வெறும் மனு எழுதாமல் அதனோடு பேச்சுவார்த்தை நடத்தும் நிலையில் அது இருக்கிறது என்று சொல்லும்போதுதான் பாடம் குடிமையியலாகிறது. மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என்ற வழக்கமான மூன்றடுக்குப் படத்தில் பழங்குடி அரசுக்கு இடமே இருக்காது. அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, இதில் யாரைக் காணோம் என்று கேட்பதிலிருந்தே வகுப்பைத் தொடங்கலாம்.

பாடத்துக்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. அந்த 11 பழங்குடிகளில் ஒன்றான மெனாமினி மக்களின் பெயரே காட்டு நெல்லிலிருந்து வந்தது. அவர்களைத் தனி அரசாக ஏற்பதை நிறுத்த 1954இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பழங்குடி மருத்துவமனை மூடியது, ஒதுக்கீட்டு நிலம் ஒரு சாதாரண மாவட்டமானது, நிலம் விற்பனைக்குப் போனது. ஏடா டீர் என்ற மெனாமினிப் பெண் மக்களைத் திரட்டி வாஷிங்டனில் போராடினார். 1973இல் அங்கீகாரம் திரும்ப வந்தது. ஒரு சட்டம் எப்படி இயற்றப்படுகிறது, எப்படி நீக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த நூலில் இருக்கிறது?

என்னை அதிகம் பாதித்தது 1850இன் கதை. ஒஜிப்வே மக்களை மேற்கே துரத்த அதிகாரிகள் ஒரு வழி கண்டார்கள். உடன்படிக்கைப்படி ஆண்டுதோறும் தர வேண்டிய பணத்தையும் பொருளையும் வழக்கமான மேடலின் தீவில் தராமல், தொலைவில் உள்ள சாண்டி ஏரிக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். குளிர் தொடங்கும் நேரம். வந்தவர்கள் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். கிடைத்த உணவு கெட்டுப்போயிருந்தது. வயிற்றுக்கடுப்பும் தட்டம்மையும் பரவின. அங்கேயும், பனியில் நடந்து வீடு திரும்பும் வழியிலும் சுமார் 400 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு நடந்தது ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிய வேண்டியது. 1852இல், தொண்ணூறு வயதைக் கடந்த கெச்சேவைஷ்கே, ஆங்கிலத்தில் தலைவர் பஃபலோ, தன் குழுவினருடன் பிர்ச் மரப்பட்டைப் படகில் வாஷிங்டன் புறப்பட்டார். வழியில் ஏரிக்கரை ஊர்களில் இறங்கி, இந்த மக்களை வெளியேற்றக் கூடாது என்ற மனுவில் வெள்ளைக்காரக் குடியேறிகளிடமே கையெழுத்து வாங்கினார்கள். பிறகு நீராவிக் கப்பல், ரயில். கடைசியில் குடியரசுத் தலைவர் மில்லார்ட் ஃபில்மோரைச் சந்தித்தார்கள். வெளியேற்றும் ஆணை கைவிடப்பட்டது. மனு எழுதுவது, ஊராரைச் சேர்ப்பது, அதிகாரியைத் தாண்டி மேலிடம் போவது எல்லாம் இந்த ஒரு பயணத்தில் இருக்கின்றன. அப்போது அவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகக்கூடக் கருதப்படவில்லை. எல்லாப் பழங்குடியினருக்கும் குடியுரிமை தந்த சட்டம் 1924இல்தான் வந்தது.

சட்டத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஆக்ட் 31 பாடநூல் எதையும் நிர்ணயிக்கவில்லை, கற்பிக்காத பள்ளிக்குத் தண்டனையும் வைக்கவில்லை. அதனால் பாடத்தின் தரம் ஊருக்கு ஊர், ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுகிறது. பேட் ரிவர் ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர் பேட்டி லோ பள்ளிக் குழந்தைகளுக்கென்றே எழுதிய விஸ்கான்சின் பழங்குடி வரலாற்று நூல் போன்றவைதான் ஆசிரியர்களுக்குக் கைகொடுத்தன. இன்னொரு குறை மொழியில் இருக்கிறது. வாழ்ந்தனர், பேசினர், வேட்டையாடினர் என்று முழுக்க இறந்தகாலத்தில் எழுதினால், அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒஜிப்வே மாணவியை அந்தப் பாடமே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. வினைமுற்றை மாற்றுவதற்குப் பணம் செலவாகாது.

இதே பாதையில் வேறு மாநிலங்களும் வந்தன. மொன்டானாவின் 1972 அரசியலமைப்பிலேயே பழங்குடிப் பண்பாட்டைக் கல்வியில் காக்கும் கடமை எழுதப்பட்டது. 1999இல் அதற்குச் சட்டம் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் 2015இல் பழங்குடி வரலாறும் அரசுமுறையும் பள்ளிகளில் கட்டாயமாயின. அங்கும் மீன் வழக்கு ஒன்று உண்டு. பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை பழங்குடிகளுக்கு உரியது என்று 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தபோது, அங்கேயும் கொந்தளிப்புதான்.

நம் நாட்டின் 2006 வன உரிமைச் சட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘அங்கீகரித்தல்’ என்ற சொல் இருப்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே இருந்த உரிமையை அரசு ஒப்புக்கொள்கிறது என்றுதான் அதற்குப் பொருள். நீலகிரிப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கும் அந்த ஒரு சொல்லை நிறுத்தி விளக்க வேண்டும்.

விஸ்கான்சினில் 1991இல் நீதிபதி பார்பரா கிராப், மீன் குத்துபவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தடை விதித்தார். ஈட்டி மீன்பிடிப்பால் ஏரிகளின் மீன் வளம் அழியவில்லை என்று மத்திய, மாநில, பழங்குடி நிபுணர்கள் சேர்ந்து அதே ஆண்டு அறிக்கை தந்தார்கள். அந்த ஆண்டே மாநிலமும் ஒஜிப்வே பழங்குடிகளும் மேல்முறையீடு இல்லை என்று உடன்படிக்கை உரிமை வழக்கை முடித்துக்கொண்டன.

இன்றும் வசந்தகாலத்தில் ஒவ்வொரு பழங்குடியும் எந்த ஏரியில் எவ்வளவு மீன் பிடிக்கப் போகிறது என்று முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்தந்த இரவுக்கு அனுமதிச் சீட்டு உண்டு. படகு கரைக்கு வந்ததும் அங்கே காத்திருப்பவர் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, பலகையில் வைத்து நீளம் அளந்து, எண்ணிக் குறிக்கிறார். ஏரிக்கு உரிய எண்ணிக்கை முடிந்தால் அந்த ஏரியில் மீன்பிடியும் முடிந்தது.