கடற்கொள்ளையர் கடைக்குப் பின்னால் ஒரு கதைக்கூடம்!

ஒற்றைக் கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, கண்ணாடியில் செய்த பொய்க்கண், கைக்குப் பதிலாக மாட்டிக்கொள்ளும் இரும்புக் கொக்கி, மரக்கால்... எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும். விலாசம்: வேலன்சியா தெரு, கதவு எண் 826, சான் ஃபிரான்சிஸ்கோ. ‘கடற்கொள்ளையர்களுக்குத் தேவையான சாமான்கள் விற்கும் கடை’ என்று கொஞ்சமும் சிரிக்காமல் சொல்லிக்கொள்கிறார்கள்.

கடையைத் தாண்டி உள்ளே போனால் நீளமான மேசைகள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள், கதை எழுதுவார்கள். பக்கத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் எழுத்தாளர்கள் உண்டு, பத்திரிகைக்காரர்கள் உண்டு, கல்லூரி மாணவர்களும் உண்டு. பிள்ளைகள் பணம் கட்ட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கும் சம்பளம் கிடையாது.

இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டேவ் எக்கர்ஸ். எழுத்தாளர். அவருக்கு 21 வயதானபோது அம்மாவும் அப்பாவும் சில வார இடைவெளியில் புற்றுநோயால் இறந்துபோனார்கள். எட்டு வயதுத் தம்பியை அவர்தான் வளர்த்தார். அந்த அனுபவத்தை வைத்து எழுதிய புத்தகம் 2000-ம் ஆண்டு வெளிவந்து அவரைப் பிரபலமாக்கியது.

எக்கர்ஸின் அம்மா ஆசிரியை. நண்பர்களிலும் ஆசிரியர்கள் அதிகம். அவர்கள் எல்லோரும் சொன்ன குறை ஒன்றுதான்: வகுப்பில் இத்தனை பேர் இருக்கும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக உட்கார்ந்து பேச நேரமில்லை. 826 இருக்கும் மிஷன் பகுதியில் இந்தக் குறை இன்னும் பெரிது. லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த இடம் அது. பல வீடுகளில் பேசுவது ஸ்பானிஷ், பள்ளியில் எழுதுவது ஆங்கிலம். ராத்திரி எழுதும் கட்டுரையைப் பார்த்து, ‘இந்த வரி புரியலையே கண்ணு’ என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

எக்கர்ஸின் எழுத்தாள நண்பர்களோ வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். மதியத்துக்கு மேல் ஓரிரு மணி நேரம் ஒதுக்குவது அவர்களுக்குச் சிரமமில்லை. இவர்களை அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன என்பதுதான் யோசனை.

சட்டம் போட்ட கடை

2002-ல் இடம் கிடைத்தது. ஆனால், அந்தத் தெருவில் முன்பக்கம் கடையாகத்தான் இருக்க வேண்டும், ஏதாவது விற்றே ஆக வேண்டும் என்று விதி. என்ன விற்பது? கூரையின் உள்பக்கத் தகடுகளைப் பிரித்தபோது தெரிந்த மர உத்திரங்கள் கப்பலின் உட்புறம் போலவே இருந்தன. அப்புறமென்ன, கொள்ளையர் கடைதான்! வேடிக்கையாக ஆரம்பித்த வியாபாரம், வாடகைக்கும் கைகொடுத்தது.

கடை தயார். மேசைகள் தயார். சொல்லித்தர ஆட்களும் தயார். பிள்ளைகள்தான் வரவில்லை!

பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. முன்பின் தெரியாத சிலர், கொள்ளையர் கடைக்குப் பின்னால் வைத்து இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறோம் என்றால் எந்த அம்மா பிள்ளையை அனுப்புவார்? முடிச்சை அவிழ்த்தவர் நினிவே காலெகாரி. எக்கர்ஸோடு சேர்ந்து 826-ஐ நிறுவியவர், பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அந்தப் பகுதியின் ஆசிரியர்களும் பெற்றோரும் அவரை அறிவார்கள். அவர் பொறுப்பேற்றுப் பேசிய பிறகே பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். எழுத்தாளரின் புகழால் நடக்காதது, ஓர் ஆசிரியை மேல் இருந்த நம்பிக்கையால் நடந்தது.

கடையால் யாரும் எதிர்பார்க்காத இன்னொரு நன்மையும் விளைந்தது. ‘படிப்பில் பின்தங்கியோர் பயிற்சி மையம்’ என்று பலகை மாட்டியிருந்தால் எந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து உள்ளே போகும்? இங்கே போகிறவன் டியூஷனுக்குப் போகவில்லை. கொள்ளையர் கடைக்குப் போகிறான்!

எக்கர்ஸின் பதிப்பகமும் அதே கூடத்தில்தான் இயங்கியது. பத்து வயதுப் பையன் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, சில அடி தள்ளி ஒரு பதிப்பாசிரியரும் தன் பக்கத்தை அடித்துத் திருத்திக்கொண்டிருப்பார். திருத்துவது தண்டனை இல்லை, எழுதுகிற எல்லோரும் செய்கிற வேலை என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

எழுதியவை கட்டுரை நோட்டோடு நின்றுவிடாமல் புத்தகங்களாகவும் வந்தன. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வன்முறையைப் பற்றியும் அமைதியைப் பற்றியும் எழுதிய ஒரு தொகுப்புக்கு, உலகப் புகழ்பெற்ற சிலி நாட்டு எழுத்தாளர் இசபெல் அயெந்தே முன்னுரை எழுதினார். மதிப்பெண்ணுக்காக ஒரு கட்டுரையை ஒருமுறை எழுதவே சலித்துக்கொள்கிற வயது. அச்சில் வரப்போகிறது என்றால் அதே பிள்ளை திரும்பத் திரும்பத் திருத்தி எழுதும்.

அசௌகரியம் ஒரு டப்பா!

யோசனை ஊர் ஊராகப் பரவியது. நியூயார்க்கின் புரூக்லினில் சூப்பர் ஹீரோக்களுக்கான கடை. மேலங்கி பறக்கிறதா என்று மின்விசிறிக் காற்றில் நின்று சோதித்துக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் காலப்பயணிகளுக்கான கடை. அங்கிருக்கும் குளிர்பான இயந்திரத்தில், ‘பழுது, நேற்று வரவும்’ என்று எழுதியிருக்கும்! லண்டனின் ஹாக்ஸ்டன் தெருவில் பூதங்களுக்கான கடை. நாவலாசிரியர் நிக் ஹார்ன்பியும் நண்பர்களும் 2010-ல் திறந்தது. அங்கே பயத்தை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். லேசான அசௌகரியம் ஒரு டப்பா, மரண பயம் ஒரு டப்பா. பின்பக்கம், வழக்கம்போல, பிள்ளைகள் எழுதும் கூடம்.

அயர்லாந்தின் டப்ளினில் மட்டும் கடை இல்லை. 2009 ஜனவரியில் அங்கே ‘ஃபைட்டிங் வேர்ட்ஸ்’ மையத்தைத் தொடங்கியவர்கள் ரோடி டாய்லும் ஷான் லவ்வும். டாய்ல் 1993-ல் புக்கர் பரிசு வாங்கிய நாவலாசிரியர். அதற்கு முன் 14 வருடங்கள் வடக்கு டப்ளின் பள்ளி ஒன்றில் ஆங்கிலமும் புவியியலும் நடத்திய வாத்தியார். சான் ஃபிரான்சிஸ்கோவில் 826-ஐ நேரில் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தது இது. இங்கும் எல்லாம் இலவசம்.

ஒரு வகுப்பு முழுவதும் காலையில் ஆசிரியரோடு வந்து இறங்கும். எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைத் தொடங்க வேண்டும். சினிமாவிலோ புத்தகத்திலோ ஏற்கெனவே வந்த பாத்திரம் கூடாது. கதாநாயகன் யார்? அவனுடைய உயிர்த்தோழன் யார்? அவனுக்கு மிகப்பெரிய ஆசை எது, மிகப்பெரிய பயம் எது? கைகள் உயரும், வாக்கெடுப்பு நடக்கும். பேசும் சீஸ்துண்டு ஜெயித்தால் சீஸ்துண்டுதான் கதாநாயகன்! பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்வார். வரிகள் திரையில் ஓடும். ஓவியர் ஒருவர் பக்கத்திலேயே படம் போடுவார். கதை சூடுபிடிக்கும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். இனி அவரவர் தனியாக எழுத வேண்டும்.

அந்த நிமிடம்தான் முக்கியம். அதுவரை சத்தம் போட்ட பையன் பென்சிலோடு மௌனமாவான். அதுவரை வாயே திறக்காத பெண் குனிந்து எழுத ஆரம்பிப்பாள். முடியவில்லை என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் தன்னார்வலர் ஒருவர் போய் உட்காருவார். சொல்லிக்கொடுக்க மாட்டார். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்பார். எழுத்துப்பிழையைப் பற்றிப் பேச்சே வராது. அதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கிளம்பும்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு புத்தகம். ஆரம்பம் எல்லோருக்கும் ஒன்று, முடிவு அவரவருடையது.

வாரத்தில் ஒரு மதியம் கதை எழுதினால் வறுமை போய்விடுமா? போகாது. தன்னார்வலர்களை வைத்து நடக்கும் மையங்களால் எல்லாப் பள்ளிகளையும் எட்டிவிடவும் முடியாது. பணத்துக்கு ஒவ்வொரு வருடமும் நன்கொடையாளர்களின் கதவைத் தட்டியாக வேண்டும். ஆனாலும், தான் எழுதியதில் தப்புத் தேடாமல், அடுத்து என்ன நடக்கும் என்று அறிய ஆசைப்படும் ஒரு பெரியவரைச் சந்திக்காமலேயே பள்ளியை முடித்துவிடும் பிள்ளைகள் ஏராளம். வீட்டில் அந்த மொழி தெரியாத பிள்ளைக்கு இந்த இழப்பு இரட்டிப்பு.

2016-ல் அதே சான் ஃபிரான்சிஸ்கோவின் டெண்டர்லாயின் பகுதியில் 826-ன் இரண்டாவது கூடம் திறக்கப்பட்டது. போதைப்பொருளுக்கும் நடைபாதையில் படுத்துறங்குவோருக்கும் பேர்போன பகுதி. அங்கேயும் நிறைய குழந்தைகள் குடும்பத்தோடு வசிக்கிறார்கள். முன்பக்கம், வழக்கம்போல, ஒரு கடை. இந்த முறை கடைக்கு முதலாளி ஒரு பேத்தை மீன்!