பச்சிளம் பிள்ளைக்கு ஸ்கேன் மருந்து



மண்சரிவுக்குப் பின் தற்காலிகக் கொட்டிலில் இருக்கும் ஒரு தாய், நான்கு மாதப் பிள்ளையோடு என்னிடம் வந்தார். பிள்ளையின் தலையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். அதற்கு ஊசியில் ஒரு மருந்தும் ஏற்றுவார்களாம். "சாமி, எங்க புள்ளைய வச்சு மருந்த சோதிச்சுப் பாக்கப் போறாங்களா?" என்று கேட்டார். கையிலிருந்த சம்மதப் பத்திரமோ அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் எக்ஸ்ரே கதிர் இல்லை. அது பெரிய காந்தம். கட்டியோ கிருமித் தொற்றோ தெளிவாகத் தெரிவதற்காக, சிலருக்குக் கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். கடோலினியம் தனித்து நின்றால் நஞ்சு. ஆகவே அதை ஓர் இரசாயனக் கூட்டுக்குள் அடைத்திருக்கிறார்கள். கூடு உடையுமுன் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிட வேண்டும். பிறந்த பிள்ளையின் சிறுநீரகம் முதிராதது. வளர்ந்தவரைப் போல் வேலை செய்ய ஒன்று இரண்டு வருடம் செல்லும். அதனால்தான் பெரியவர்களில் செய்த சோதனை சின்னஞ்சிறுசுகளுக்குப் போதாது.

கூட்டிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று திறந்த சங்கிலி போன்றது, மற்றது மூடிய வளையம் போன்றது. வளையமே உறுதியானது. இவ்வகை மருந்துக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது 1988இல். சிறுநீரகம் பழுதான நோயாளர் சிலரின் தோல் இறுகிப்போவதற்கும் இம்மருந்துகளுக்கும் தொடர்புண்டு என்பது 2006இல்தான் வெளிவந்தது. பதினெட்டு வருடம்! பெரும்பாலும் சங்கிலி வகையே காரணம். 2017இல் ஐரோப்பா அவற்றுள் சிலவற்றை நிறுத்திவைத்தது.

வளைய வகையான கடோபியூட்ரோலுக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, அது 2 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே. பின்னர் 2 வயதுக்குக் குறைந்த 44 பிள்ளைகளில் அதைச் சோதித்தார்கள். சுகமாக இருந்த பிள்ளைகளை இதற்காகப் பிடித்து வரவில்லை. தம் நோய்க்காகவே இந்த ஸ்கேன் தேவைப்பட்டவர்கள் அவர்கள். நிறைக்கேற்ப ஒரே ஒரு தடவை மருந்து கொடுத்து, பிறகு சிறிதளவு இரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று அளந்தார்கள். அது மூத்த பிள்ளைகளில் கண்டதை ஒத்திருந்தது. அதன்பின் நிறைமாதத்தில் பிறந்த சிசு முதல் அனுமதி கிடைத்தது.

44 பேர் என்பது சிறு தொகை. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் தீங்கு அதில் தெரியாது. குறைமாதப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை விடை தரவுமில்லை. வளைய வகையிலும் சிறிதளவு கடோலினியம் உடம்பில் தங்குகிறது. அதனால் தீங்கு வந்ததாக இதுவரை நிரூபணமாகவில்லை.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான்: இது பரிசோதனை அல்ல, வைத்தியம். ஆராய்ச்சி என்றால் அதற்கு வேறு பத்திரம் தர வேண்டும். நீங்கள் மறுக்கலாம், மறுத்தாலும் வைத்தியம் நிற்கக்கூடாது. ஆனால் பத்திரத்தைத் தமிழில் விளக்கும்படி கேட்டுவிட்டே கையெழுத்து வையுங்கள். மருந்தில்லாமல் எடுத்தால் போதாதா, வளைய வகையா, சிறுநீரகம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். வைத்தியர் கோபித்தால் கோபிக்கட்டும். பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி மண்ணோடு போயிருந்தால், பழைய தோட்டத்து மருத்துவமாதுவிடம் போங்கள். பிறந்த மாதமும் நிறையும் அவருடைய பதிவேட்டில் இருக்கக்கூடும்.