சிறைக் கடிதமும் தோட்டக் குடும்பமும்: ஊவாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

அரசியற் கைதியொருவர் வீட்டுக்கு எழுதும் கடிதம் தனிமனித உணர்வின் வெளிப்பாடு என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அது ஒரு சமூக அமைப்பின் ஆவணமுமாகும் என்பதைப் பதுளை மாவட்டத் தோட்டப்புறங்களை முன்வைத்து நாம் இங்கு விளக்க முற்படுகிறோம்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், அமைச்சரின் ஆணையின்பேரில் ஒருவரை மும்மாதத் தவணைகளாக 18 மாதங்கள்வரை வழக்கு விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வெல்லையை 12 மாதங்களாக்கியது. தடுத்துவைக்கும் இடத்தைத் தீர்மானிப்பவரும் அமைச்சரே. ஆதலின், மகன் உயிரோடிருக்கிறான், இன்ன இடத்திலிருக்கிறான் என்பதற்குத் தொலைவிலுள்ள குடும்பத்தின் கைக்கெட்டும் சான்று பெரும்பாலும் கடிதமே.

அக்கடிதம் பசறையிலோ ஹாலி-எலயிலோ உள்ள தோட்டமொன்றை அடையும் வழி கவனத்துக்குரியது. சிறையில் அதனை அதிகாரிகள் வாசிக்கின்றனர். லயத்தில் வாழும் தொழிலாளிக்கு நெடுங்காலம் தனி முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயருக்கு வந்த தபால் தோட்டக் காரியாலயத்திற் சேர்ந்து, பிறர் கைவழியாகவே வீடுகளை அடைந்தது. எழுத்தறியாத பெற்றோருக்கு அதனை மற்றொருவர் வாசித்துக் காட்டவேண்டும். இருவருக்கிடையே நிற்கவேண்டிய சொல் இவ்வாறு பலரறிந்த செய்தியாகிறது. தொழிலும் குடியிருப்பும் ஒரே நிருவாகத்தின் கையிலிருக்கும் சூழலில் இது சிறு விடயமன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை மறுக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்களிடையே அச்சம் முன்னரே குடிகொண்டிருந்தது.

எனவே, 'நலம், நலமறிய ஆவல்' என்னும் வழமையான தொடரை வெறுஞ் சம்பிரதாயமெனத் தள்ளிவிடலாகாது. பலர் கண்பட வரும் கடிதத்திற் பாதுகாப்பாகச் சொல்லக்கூடியது அதுவே. 1926இற் கைதான இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்சியும், பிறர் வாசிப்பர் என்பதை அறிந்தே தம் தாய்க்கும் உறவினர்க்கும் எழுதினார். இத்தகைய கடிதங்களிற் சொற்களோடு மௌனத்தையும் சேர்த்து வாசித்தல் வேண்டும்.

ஊவா மண் கடிதங்களைப் பெறும் இடமாக மட்டும் இருந்ததில்லை. பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் வடக்குக் கிழக்கு இளைஞர் பலர் வீட்டுச் செய்திக்குக் காத்திருந்தனர். விடுதலை தாமதமாவதோடு கடிதங்கள் குறித்த மனக்குறையும் அவர்களிடம் இருந்ததெனப் பின்னர் பேசப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாள் முகாமைச் சூழ்ந்த கும்பல் அவர்களுள் 25க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2003இல் மேல் நீதிமன்றம் குற்றவாளிகளெனக் கண்டோரும் மேன்முறையீட்டில் 2005ஆம் ஆண்டுக்குள் விடுவிக்கப்பட்டனர்.

ஆணைகளும் தீர்ப்புகளும் அரசின் சுவடிகளில் நிலைபெறும். குடும்பங்களின் பெட்டிகளில் எஞ்சியுள்ள கடிதங்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. உரியவர்களின் இசைவோடு அவற்றைத் திரட்டுவது நம் ஆய்வாளர்தம் கடமையாகும். வந்த கடிதங்களோடு, கடிதம் வராத மாதங்களையும் குறித்துக்கொள்ளும் ஆய்வே முழுமையுறும்.