நூலகங்களுக்கிடையே இரவல்: பட்டியலில்தான் ஆரம்பம்

திரிங்காப் போன்ற மலையூரில் ஆறாம் படிவ மாணவர் ஒருவர் பழைய இலக்கிய ஆய்வு நூலைக் கேட்டால், நாம் சட்டென்று சொல்லும் பதில், "கோலாலம்பூர்ல இருக்கும்பா." இருக்கும்தான். ஆனா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒரு நூலுக்காக எத்தனை தடவை பஸ் ஏறும்? நூலையே வாசகரிடம் வரவழைக்கும் ஏற்பாடுதான் நூலகங்களுக்கிடையிலான இரவல்.

யோசனை பழையது. 1876இல் அமெரிக்க நூலகர் சாமுவேல் கிரீன் இதை எழுதி வலியுறுத்தினார். 1894இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகம் நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாட்டில் 1931இல் மன்னார்குடி வட்டாரக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் போயின. அதே ஆண்டுதான் சீர்காழிக்காரர் எஸ். ஆர். இரங்கநாதனின் நூலக ஐந்து விதிகளும் நூலாக வந்தன.

மாட்டுவண்டி தன்னிடம் உள்ளதைத்தான் தரும். பிற நூலகத்தில் உள்ளதைக் கேட்க, அது அங்கே இருக்குன்னு முதலில் தெரியணும். அதற்குத்தான் கூட்டுப் பட்டியல். மலேசியாவில் 1978இல் தேசிய நூலகமும் பல்கலைக்கழக நூலகங்களும் 'மால்மார்க்' திட்டத்தில் சேர்ந்து பட்டியலிடத் தொடங்கின.

வழக்கமான நடைமுறை எளிது. மாணவர் தம் நூலகத்தில் கேட்பார். அந்நூலகம் பட்டியலில் தேடி, நூல் உள்ள நூலகத்துக்கு எழுதும். நூல் கேட்ட நூலகத்துக்கே வரும். பொறுப்பும் அதனுடையதே. அரிய நூலானால் மூலத்தை அனுப்பமாட்டார்கள், நகல்தான். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக்கி, நுண்படம் எடுத்தது இந்த வழியில்தான். நூல் ஊரைவிட்டுப் போகவில்லை, படம் மட்டும் கடல் தாண்டியது. எனக்குப் பிடித்த ஒத்துழைப்பு இது.

தமிழ் நூல் தேடுவோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டு நூலகங்கள் பலவும் தமிழ்த் தலைப்புகளை அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி ரோமன் எழுத்தில் பதிகின்றன. அதில் 'ச' என்பது 'எஸ்' அல்ல, 'சி'. ஆகவே சிலப்பதிகாரத்தை 'எஸ்' வரிசையில் தேடினால் பல பதிப்புகள் சிக்காது. திருக்குறளில் 'டி'க்குப் பின் 'எச்' கிடையாது. 'ழ'வுக்கு நாம் போடும் 'இசட் எச்' வராது. அடிக்கோடிட்ட 'எல்' வரும். நூல் இல்லேன்னு முடிவு கட்டுமுன் எழுத்தை மாற்றித் தேடச் சொல்லுங்கள்.

பழைய தமிழ் நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணும் இருக்காது. எனவே விண்ணப்பப் படிவத்தில் ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு ஐந்தையும் எழுத வேண்டும். ஒரே உரைநூல் பல பதிப்பகங்களில் வந்திருக்கும். பதிப்பைக் குறிக்காவிட்டால் தேர்வுக்கு வேண்டிய உரை ஒன்று, கைக்கு வருவது வேறொன்று.