மோட்டார் கார்களின் கோளாறு எண்களைப் படித்தறியும் முறை

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு, வயல்களோடு வீடுகளிலும் ஜலம் புகுந்தது. வாசலில் நின்ற கார்களும் நனைந்தன. அவ்வாறு நனைந்த வண்டியில் கோளாறு உடனே தோன்றாமல், கம்பி முனைகளில் களிம்பு ஏறிய பின்னர், பல மாதங்கள் கழித்துத் தோன்றுவதுண்டு. டாஷ்போர்டில் எஞ்சின் வடிவமான மஞ்சள் விளக்கு எரிவதே அதன் அறிகுறியாகும்.

விளக்கைக் கண்டதும் சிலர் பாட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டுகின்றனர். விளக்கு அணைந்துவிடும், நோய் அப்படியே இருக்கும். அஃதன்றி, கோளாறு நேர்ந்த தருணத்திலிருந்த எஞ்சின் வேகம், உஷ்ணம் முதலியவற்றைக் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்த விவரமும் அழிந்துபோம். ஆகையால் எண்ணை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குட்பட்ட கார்களிலும், அதற்கு முந்திய பலவற்றிலும், டிரைவர் பக்கத்து டாஷ்போர்டின் அடியில் 16 முனைகளுள்ள ஓ.பி.டி. சொருகுவாய் இருக்கிறது. ஸ்கேனர் கருவியை அதில் பொருத்தினால் எண் தெரியும். ‘பி’ என்னும் எழுத்து எஞ்சினையும் கியரையும் குறிக்கும். அடுத்த இலக்கம் பூஜ்யமாயின் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவானது. 1 ஆயின் அந்தக் கம்பெனிக்கே உரியது.

இங்கே முக்கியமாகக் கவனிக்கத்தக்கது யாதெனில், எண் காட்டுவது எந்த மின்சுற்றில் குறை தோன்றியது என்பதையே. எந்த உறுப்பை வாங்க வேண்டும் என்பதையன்று. ‘பி 0113’ என்பதை எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் உஷ்ணத்தை அளக்கும் சென்சாரின் சுற்றில் மின்னழுத்தம் மிகுந்திருக்கிறது என்பது பொருள். குளிர் மிக மிக இந்தச் சென்சாரின் மின்தடை ஏறும். கம்பி அறுந்தாலோ, முனையில் களிம்பு பிடித்தாலோ, கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்றே எண்ணும். சித்திரை வெயிலில் அம்பாசமுத்திரத்தில் நிற்கும் கார், பூஜ்யத்திற்குக் கீழ் 40 டிகிரி என்று கூறும்! இதைக் கண்டும் உடனே புதுச் சென்சார் வாங்குவது வீண் செலவு. எஞ்சினை நிறுத்திச் சாவியைத் திருப்பி வைத்து, இரண்டே முனையுள்ள சென்சாராயின், அதன் சொருகியைக் கழற்றிக் கம்பிப் பக்கத்து இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். அளவு திடீரென்று மிக்க உஷ்ணத்தைக் காட்டினால் கம்பி நன்றாயுள்ளது, சென்சாரே பழுது. அளவு மாறாவிடில், எலி கடித்த இடத்தையோ களிம்பையோ தேட வேண்டும். அறுவடைக்குப்பின் வயலெலிகள் களத்தருகே நிறுத்திய வண்டிக்குள் புகுவதை நாம் அறிவோம்.

‘பி 0301’ என்றால் முதல் சிலிண்டரில் தீப்பற்றுதல் தவறுகிறது. பெட்ரோல் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் இருப்பின், முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றி ஓட்டுக. எண் ‘பி 0302’ ஆனால் குற்றவாளி காயிலே. மாறாவிடில் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் இவற்றைப் பார்க்கலாம். விளக்கு மின்னி மின்னி எரிந்தால் வேகமாக ஓட்டலாகாது. புகைக்குழாயிலுள்ள காட்டலிஸ்ட் கெட்டுப்போம்.

டீசல் வண்டியில் ‘பி 0087’, எரிபொருள் அழுத்தம் குறைவு என்பது. பில்டரில் அழுக்கோ ஜலமோ தேங்கியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது சிலாக்கியம். ஓடும் எஞ்சினில் உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தவே கூடாது. 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்துச் செல்லும்.

வெள்ளத்தில் முழுகிய காரை எண் பார்ப்பதற்கென்றும் ஸ்டார்ட் செய்யலாகாது. சிலிண்டரில் புகுந்த ஜலம் அமுங்காதாகையால் கனெக்டிங் ராடு வளைந்துபோம். அச்சேதத்திற்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிஸியில் நஷ்டஈடு மறுக்கப்படுவதும் உண்டு. பாட்டரியைக் கழற்றி, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்க.

பழுது பார்த்தபின் ஸ்கேனரால் எண்ணை அழித்துச் சில நாட்கள் ஓட்ட வேண்டும். பல கோளாறுகளுக்கு இரண்டாவது ஓட்டத்திலேயே விளக்கு எரியும். அதே எண் மீண்டும் வந்தால், எழுதிவைத்த நோட்டுடன் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்கலாம்.