பெரிய அல்ட்ராசோனிக் கிளீனர்: வாங்கும் முன் யோசியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலரும் அத்துடன் ஓர் இங்க்ஜெட் பிரிண்டரையும் வாங்கிவிடுகின்றனர். ஆனால் மாதம் ஒரு முறைதான் அச்சிடுவார்கள். எங்கள் ஆலங்குளத்து வெயிலில் அதற்குள் மை உலர்ந்து, கார்ட்ரிட்ஜின் துளைகள் அடைத்துக்கொள்ளும். "கார்ட்ரிட்ஜ் போச்சு, புதுசு வாங்குங்க" என்பார்கள். பல சமயங்களில் அது உண்மையல்ல.

கண்ணாடி, நகை கழுவும் சிறிய அல்ட்ராசோனிக் கிளீனரை இதற்காகத்தான் நான் வைத்திருந்தேன். அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் பிடிக்கும், ஹீட்டர் கிடையாது. வீட்டுப் பித்தளைச் சாமான்களையும் கழுவ வேண்டும் என்று 3 லிட்டர் கிளீனருக்கு மாறினேன்.

எப்படி இயங்குகிறது?

தொட்டியின் அடியில் டிரான்ஸ்டியூசர்கள் ஒட்டப்பட்டிருக்கும். இவை பெரும்பாலும் 40 கிலோ ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 ஆயிரம் முறை அதிரும். இதனால் நீரில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைகின்றன. அந்த அதிர்ச்சியே இண்டு இடுக்குகளில் உள்ள அழுக்கைப் பெயர்க்கிறது.

பெரிய தொட்டி என்பதாலேயே நன்றாகக் கழுவும் என எண்ண வேண்டாம். லிட்டருக்கு எத்தனை வாட் என்று கணக்கிடுங்கள். ஹீட்டருக்கான வாட்டை இதில் சேர்க்கக் கூடாது. வாங்கியதும் மெல்லிய அலுமினியத் தாளை நீரில் செங்குத்தாகப் பிடித்து ஒரு நிமிடம் இயக்குங்கள். தாள் முழுவதும் சீராகப் பொத்தல்கள் விழுந்தால் கிளீனர் நன்றாக இயங்குகிறது.

கார்ட்ரிட்ஜைக் கழுவ

முதலில் பிரிண்டர் சாப்ட்வேரில் உள்ள ஹெட் கிளீனிங் வசதியை இரண்டு முறை இயக்கிப் பாருங்கள். சரியாகாவிட்டால் மட்டும் கிளீனருக்குச் செல்லவும். எச்.பி., கேனன் நிறுவனங்களின் விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றில் அச்சிடும் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும். இந்த வழி அவற்றுக்குத்தான். எப்சன் பிரிண்டர்களில் ஹெட் பிரிண்டருக்குள் இருப்பதால் இது பயன்படாது.

தொட்டியில் குறியிட்ட அளவு நீர் ஊற்றி, மெல்லிய கண்ணாடி தம்ளரில் சிறிது டிஸ்டில்டு வாட்டர் எடுத்து அதனுள் வையுங்கள். ஓர் அட்டையில் துளையிட்டு அதில் கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, துளைகள் உள்ள முகம் மட்டும் தம்ளர் நீரில் படும்படி நிறுத்துங்கள். ஒரு நிமிடம் போதும். பின் துணியில் ஒற்றி எடுத்தால் மைத் தடம் தெரியும். செம்பு நிறத் தொடர்புப் புள்ளிகள் நன்றாக உலர்ந்த பிறகே பிரிண்டரில் மாட்ட வேண்டும். மை தீர்ந்த பின்னும் அச்சிட்டு ஹெட் எரிந்துபோயிருந்தால் எந்தக் கிளீனராலும் காப்பாற்ற முடியாது.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். 1970ல் எங்கள் ஊருக்குச் சிமெண்ட் ஆலை வந்ததே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். இப்படிப்பட்ட பூமியின் கடின நீர் உலர்ந்தால் அந்த உப்பே துளைகளை அடைக்கும்.

பித்தளைக்கு ஓர் எச்சரிக்கை

இங்க் அடைப்பை நீக்கச் சிலர் அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பயன்படுத்துகின்றனர். அதே நீரில் பித்தளையைப் போடவே கூடாது.

தோட்டா உறைக்கும் கார்ட்ரிட்ஜ் என்றுதான் பெயர். 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு கார்ட்ரிட்ஜ் பிராஸ் என்ற பெயர் அதனால் வந்ததே. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்களின் உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும், உறையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921ல் விளக்கினர். இதற்கு "சீசன் கிராக்கிங்" என்று பெயர். தகட்டில் செய்த சொம்பு, தம்ளர்களிலும் இத்தகைய இறுக்கம் இருக்கலாம். வார்ப்பு விளக்குகளில் இந்த ஆபத்து குறைவு என்றாலும் அம்மோனியா செம்பை அரிக்கும்.

பித்தளைக்கு வெதுவெதுப்பான நீர், சில துளி பாத்திர சோப்புத் திரவம், ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு போதும். அதிக நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து, பித்தளை செம்பு நிறமாகிவிடும். சில நிமிடங்களில் எடுத்து, நல்ல நீரில் அலசித் துடையுங்கள். கிளீனர் அழுக்கை நீக்கும், பளபளப்பு தராது. அதற்குத் துணியும் கையும்தான்.

கவனிக்க வேண்டியவை

நீர் இல்லாமல் இயக்காதீர்கள். ஓடும்போது விரலை விடாதீர்கள். பெட்ரோல், தின்னர், ஆல்கஹாலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எர்த் உள்ள பிளக்கில் மட்டும் இணையுங்கள்.

கார்ட்ரிட்ஜுக்கு மட்டும் என்றால் பெரிய கிளீனர் வீண் செலவு; சிறியதே போதும். அதைவிடவும் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை வண்ணப் பக்கம் ஒன்றை அச்சிடுங்கள். மை உலராது, கிளீனரே தேவைப்படாது.